எங்கள் பருவத்துக்கு ஒரு புத்தகப் பட்டியல்

(தேசிய வாசிப்பு மாதத்தை முன்னிட்டு, தோட்டத் தலைவர், தலைவிமாருக்கும் பெற்றோருக்கும் எமது சங்கம் நடத்திய கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், பேர், கொழுந்து நிறை, வீடு, காணி என்றுதான் கதைப்போம். இன்றைக்கு நான் நூலகத்தைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன். "வயித்துப்பாட்டுக்கே வழியக் காணோம், இதுல புத்தகம் வேறயா?" என்று பின்னால் ஒரு அண்ணன் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அண்ணே, நம்முடைய வயிற்றுப்பாட்டை மலையில் பறிக்கிற கொழுந்து மட்டும் தீர்மானிப்பதில்லை. தாளும் தீர்மானிக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு தாள். அந்தத் தாள்தான் நம்முடைய பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இன்னொரு தாள். ஒரே லயத்தில் பிறந்த அண்ணனை இந்தியாவுக்கும் தம்பியை இலங்கைக்கும் அது பிரித்துப் போட்டது. நாட்சம்பளத்தைச் சொல்கிற வர்த்தமானி ஒரு தாள். செக்ரோல் ஒரு தாள். தீபாவளி முற்பணத்துக்கும், குழுக் கடனுக்கும் நாம் கையெழுத்து வைக்கிறோமே, அதுவும் தாள். நம்மைப் பற்றி எழுதிய தாளை நாம் வாசிக்காவிட்டால், வேறு யாராவது வாசித்து நமக்குச் சொல்ல வேண்டும். அவர் முழுவதையும் சொன்னாரா, பாதியைச் சொன்னாரா என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் நூலகமும் சங்க விடயம் என்கிறேன்.

ஒக்டோபர் மாதம் நாடு முழுவதும் தேசிய வாசிப்பு மாதம். நூலக வாசலில் பதாகை கட்டுவார்கள். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி நடக்கும். ஒரு மேசை போட்டு, இந்த மாதம் வாசிக்க வேண்டிய நூல்கள் என்று அடுக்கி வைப்பார்கள். டிசெம்பர் விடுமுறைக்கு ஒரு அடுக்கு, பரீட்சைக் காலத்துக்கு ஒரு அடுக்கு என்று பருவத்துக்குப் பருவம் மாற்றுகிற நூலகங்களும் உண்டு. நல்ல காரியம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நூலகர் யாரை நினைத்துக்கொண்டு அந்த மேசையை அடுக்குகிறார்? தினமும் தன் முன்னால் வந்து நிற்கிறவர்களை நினைத்துத்தான். டவுனில் டியூஷனுக்கு வருகிற பிள்ளை, ஓய்வு பெற்ற உத்தியோகத்தர், பத்திரிகை பார்க்க வருகிற கடைக்காரர். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்திலிருந்து யாருமே படியேறாவிட்டால், தோட்டத்துக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நூலகம் நமக்குப் பட்டியல் தரட்டும் என்று காத்திருக்காமல், நம்முடைய பட்டியலை நாம் நூலகத்துக்குக் கொண்டு போவோம். அது தோட்டத்து வருடத்தைப் பார்த்துப் போட்ட பட்டியலாக இருக்கட்டும்.

"அது டவுன்காரங்க லைப்ரரி, நமக்குத் தருவாங்களா?" என்று கேட்பீர்கள். அப்படிக் கேட்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம்முடைய பகுதிகளில் பொது நூலகம் பெரும்பாலும் பிரதேச சபைக்கோ நகர சபைக்கோ சொந்தம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. நம்முடைய வாக்கு சபைக்கு வேண்டும், ஆனால் நம்முடைய பாதைக்கும் விளக்குக்கும் சபை வராது. முப்பது வருடம் இப்படியே போனது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்து தேர்தல் நடந்தது. மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று நம்முடைய வாசலுக்கே சபை வந்தது. இனி நூலகத்துக்குப் போவது யாரிடமும் தயவு கேட்பதல்ல. அது நம்முடைய சபை, நம்முடைய அலுமாரி.

சரி, பட்டியலுக்கு வருவோம். மேற்குச் சரிவில் இருக்கிற நம்முடைய காலநிலைப்படி சொல்கிறேன். ஊவாப் பக்கத்திலிருந்து வந்த தோழர்கள் மழை மாதங்களை உங்கள் மலைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

தை, மாசி, பங்குனி: பனியும் வெயிலும்

இந்தக் காலத்தில் கொழுந்து குறையும். வேலை நாளும் குறையும். சம்பளத் துண்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற காலம் இது. அதனால் இந்தப் பருவத்துக்கு முதல் வாசிப்பு சம்பளத் துண்டேதான். அதோடு நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க ஊழியர் நம்பிக்கை நிதியச் சட்டம், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். சட்டப் புத்தகம் என்றதும் பயப்பட வேண்டாம். அதில் நமக்குத் தேவையானது சில பக்கங்கள்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சேவைக்காலப் பணம் என்று நாம் சொல்வதைத்தான் பணிக்கொடை என்று சட்டம் சொல்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு அது உரியது. நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருடம் கொழுந்து எடுத்த அம்மாவுக்கு 14ஐ 30ஆல் பெருக்கினால் 420 நாள் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இந்தக் கணக்கை நம்முடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். பெருக்கல் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தும், கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்த தாய்மார் எத்தனை பேர்! சேமலாப நிதியும் அப்படித்தான். சட்டப்படி தொழிலாளியின் பங்கு குறைந்தது நூற்றுக்கு 8, நிர்வாகத்தின் பங்கு குறைந்தது நூற்றுக்கு 12. நம்பிக்கை நிதியத்துக்கு நிர்வாகம் மட்டும் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு துண்டைப் பாருங்கள். பார்க்கிற கண்ணே வேறாக இருக்கும்.

மாசி மாதம் காமன் கூத்தும் வரும். அதற்கு ஒரு புத்தகம்: சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். ஆசிரியராக இருந்தார், தொழிற்சங்கத்தில் வேலை செய்தார், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார். நம்முடைய அப்பாயிமார் பாடியதைக் கேட்டு எழுதி வைத்தார். அந்தப் புத்தகத்தை வீட்டில் பாட்டி முன்னால் வாசியுங்கள். "அது அப்படி இல்லடா, நாங்க வேற மாதிரி படிப்போம்" என்று பாட்டி திருத்துவார். திருத்தியதைப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பியையும் நூலகத்துக்குக் கொடுக்கலாம். நூலகத்துக்குக் கொடுப்பதற்கும் நம்மிடம் சரக்கு இருக்கிறது.

சித்திரை, வைகாசி: கொழுந்து காலம்

மழை விழுந்து கொழுந்து பொங்குகிற காலத்தில் வீட்டுக்கு வந்தால் உடம்பு சாயத்தான் பார்க்கும். பெரிய புத்தகம் எடுக்க முடியாது. இந்தப் பருவத்துக்குச் சிறுகதைதான் பொருத்தம். அடுப்பில் சோறு வேகிற நேரத்தில் ஒரு கதை முடிந்துவிடும். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' இரண்டையும் கேளுங்கள். இரண்டும் நம்முடைய மலை, நம்முடைய லயம், நம்முடைய பேச்சு. புத்தகம் என்றால் யாரோ பெரிய வீட்டு மனிதர்களின் கதை என்று நினைக்கிற பிள்ளைக்கு, பிரட்டுக் களமும் பிள்ளைக் காம்பராவும் அச்சில் வந்திருப்பதைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தன்னைத் தாழ்த்திப் பேசாது.

மே தினமும் இந்தப் பருவத்தில்தான். நாம் ஊர்வலம் போகிற பாதையைப் போட்டவர்களைப் பற்றி ஒரு புத்தகமாவது இளைஞர்கள் வாசித்திருக்க வேண்டும். கோ. நடேசய்யரைப் பற்றிச் சாரல் நாடன் எழுதியது இருக்கிறது. தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாத காலத்தில் துண்டுப் பிரசுரமும் பத்திரிகையும் கையுமாக வந்தவர் நடேசய்யர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? எழுத்துத் தெரியாத கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்துப் பயனில்லை என்று, உரிமையைப் பாட்டாகக் கட்டி, மேடையில் தானே பாடினார். வாசிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற யோசனை நம்முடைய இயக்கத்துக்கு இன்று நேற்று வந்ததல்ல.

ஆனி, ஆடி, ஆவணி: தென்மேற்கு மழை

காற்றும் மழையும் அட்டையும். படங்கைக் கட்டிக்கொண்டு நாம் மலைக்குப் போய்விடுவோம். ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகள் லயத்துக் காம்பராவுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள். கையில் போன் இருந்தால் அதோடு பொழுது போகும். இந்தப் பருவத்துக்குச் சின்னப் பிள்ளைகளின் படக்கதைப் புத்தகம்தான் முதலில் வேண்டும். புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்பை மட்டும் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை வாசிக்கிறது என்று நாம் திருப்திப்படக் கூடாது. வகுப்பறையில் தினமும் பார்க்கிறேன். கதைப் புத்தகம் புரட்டிய பிள்ளைக்கு வினாத்தாளின் நீண்ட கேள்வி பயம் காட்டாது. கதையே வாசிக்காத பிள்ளை, விடை தெரிந்தும் கேள்வி புரியாமல் நிற்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு இந்த விடுமுறையில் நாவல் கொடுக்கலாம். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'யைச் சொல்வேன். ஆசை வார்த்தையை நம்பி இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் கதை. 2023இல் நாம் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்தப் பாதையில் முதலில் நடந்தவர்கள் எதை நம்பி வந்தார்கள் என்று பிள்ளைக்குத் தெரியட்டும்.

இந்தப் புத்தகங்கள் நூலக அலுமாரியில் இல்லை என்று சொன்னால் சும்மா திரும்பி வர வேண்டாம். நூலகம் நிறுவனம் 2005 முதல் இணையத்தில் ஒரு நூலகம் நடத்துகிறது. ஈழத்திலும் மலையகத்திலும் வெளிவந்த பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் ஏராளமாக அங்கே இலவசமாக இருக்கின்றன. நம்முடைய போன் டேட்டாவில் பார்ப்பது செலவு. பொது நூலகத்தில் கணினி இருந்தால் அதில் திறந்து காட்டச் சொல்லலாம்.

ஐப்பசி, கார்த்திகை: வாசிப்பு மாதமும் மண்சரிவுக் காலமும்

தோழர்களே, இந்தப் பருவத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அதுவும் ஒரு வாசிப்பு மாதம்தான். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவுறுத்தியிருந்தது. எழுத்து இருந்தது. ஆனால் அந்த எழுத்து லயத்தில் இருந்தவர்களின் கையில், அவர்களுக்கு விளங்குகிற தமிழில், போவதற்கு ஒரு மாற்று இடத்தோடு போய்ச் சேரவில்லை. மாற்று வீடும் காணியும் தராமல் "எழும்பிப் போ" என்று சொல்வது அறிவித்தல் ஆகாது. அதற்காக நாம் போராடத்தான் வேண்டும். ஆனால் எந்த மலை ஆபத்து என்று எழுதியிருப்பதை வாசித்தவர்தான் அந்தப் போராட்டத்தைத் தொடங்க முடியும்.

ஆகவே ஐப்பசி மாத மேசையில் கதைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இரண்டு தாள் இருக்க வேண்டும் என்று நூலகத்திடம் கேட்போம். ஒன்று, நம்முடைய பிரதேசத்தின் மண்சரிவு அபாய வரைபடம். இரண்டாவது, எச்சரிக்கை நிலைகளின் தமிழ் விளக்கம். எச்சரிக்கை மூன்று நிலையில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் போகத் தயாராகு. சிவப்பு என்றால் உடனே வெளியேறு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை மஞ்சளுக்கும், 100 செம்மஞ்சளுக்கும், 150 சிவப்புக்கும் அளவு. ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். நேரான பக்கமுள்ள ஒரு டின்னை வெட்ட வெளியில் வைத்து, அடிமட்டத்தால் அளந்தால் பிள்ளையே சொல்லிவிடும்: ஏழரை சென்ரிமீட்டர் என்றால் மஞ்சள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்கிற மரமும் கம்பமும், திடீரென்று கிளம்புகிற ஊற்று, கலங்கி வருகிற தண்ணீர், இவற்றில் எதைக் கண்டாலும் எச்சரிக்கை வருகிற வரை காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பள்ளிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தீபாவளி முற்பணத்தின் பருவமும் இதுதான். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு வெட்டு என்று தாளில் இருப்பதை வாசித்த பிறகு கையெழுத்து வையுங்கள். வட்டிக் கடன் குழுக்காரர் வந்து "இதுல ஒரு கையெழுத்து, இதுல ஒரு கையெழுத்து" என்று அவசரப்படுத்தினால், "வாசிச்சுப் பார்த்துட்டு நாளைக்குத் தாறேன்" என்று சொல்லுங்கள். நல்ல கடன் ஒரு இரவு காத்திருக்கும்.

வாசிக்கத் தெரியாத அம்மாமார் "இதெல்லாம் எங்களுக்கு இல்ல" என்று எழும்பிப் போக வேண்டாம். முந்தி லயத்தில் குப்பி விளக்கை நடுவில் வைத்து, ஒருவர் பெரிய எழுத்துப் புத்தகத்தில் நல்லதங்காள் கதையை ராகம் போட்டு வாசிக்க, இருபது பேர் சுற்றி இருந்து கேட்டு அழுவார்களாம். அந்த இருபது பேரும் வாசகர்கள்தான். ஒரு லயத்தில் ஒருவர் வாசித்தால் போதும், லயமே வாசித்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணி நேரம், கோயில் முற்றத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ இதைத் தொடங்கலாம். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் வாசிக்கட்டும். பெரியவர்கள் விளக்கம் கேட்கட்டும்.

இனி, தடைகள். நமக்கு வேலை முடிகிற நேரமும் நூலகம் மூடுகிற நேரமும் ஒன்றாக இருக்கிறது. பஸ் காசு இருக்கிறது. அங்கத்துவப் படிவத்தில் பிணையாளரின் கையெழுத்து கேட்பார்கள், விலாசம் கேட்பார்கள். லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது, கடிதமும் தோட்டத்துக் காரியாலயத்துக்குத்தான் வருகிறது. இதையெல்லாம் தனி ஆளாகப் போய்த் தீர்க்க முடியாது. அதற்குத்தான் சங்கம்.

இந்த மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று வேலை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, தோட்டத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கும் ஐந்து பெரியவர்களுக்கும் அங்கத்துவப் படிவம் நிரப்புங்கள். பெரியவர் ஐவரில் மூவர் பெண்களாக இருக்கட்டும். பிணைக்கு ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிட அத்தாட்சி வாங்குவதற்குத் தலைவர்மார் கூடப் போங்கள்.

இரண்டாவது, சபைத் தவிசாளருக்கும் நூலகருக்கும் ஒரே கடிதம் எழுதுவோம். நான் சொன்ன பட்டியலில் உங்கள் தோட்டத்துக்கு வேண்டியதைக் கூட்டிக் குறைத்து அதோடு இணையுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பின்னேரம் பிந்தி மூடச் சொல்லுங்கள். நடமாடும் நூலகம் அல்லது மாதம் ஒரு புத்தகப் பெட்டி தோட்டத்துக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்த வருடம் நூலகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், தமிழ்ப் புத்தகத்துக்கு எவ்வளவு, தோட்டப் பகுதிக்கு எவ்வளவு என்று எழுதிக் கேட்டால், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சண்டைக்காரராகப் போக வேண்டாம். நூலகர்கள் பலர் வாசகர் வர மாட்டாரா என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே வாசகர் வட்டம் இருந்தால் அதில் சேருங்கள். எந்தப் புத்தகம் வாங்குவது என்று கதைக்கிற இடத்தில் நம்முடைய ஆளும் ஒருவர் இருக்கட்டும்.

மூன்றாவது, எடுத்த புத்தகத்தைத் திகதிக்குத் திருப்பிக் கொடுங்கள். மழையில் நனையாமல் பையில் சுற்றிக் கொண்டு போங்கள். சின்ன விடயம் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய முதல் பதினைந்து பேர் எப்படி நடந்துகொள்கிறார்களோ, அதை வைத்துத்தான் அடுத்த ஐம்பது பேருக்குக் கதவு திறக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் எத்தனை படிவம் கொடுத்தோம், எத்தனை அட்டை கையில் வந்தது என்ற கணக்கோடு வாருங்கள். கொழுந்து நிறையில் ஒரு கிலோ குறைந்தால் கேட்கிறோம் அல்லவா? அதே மாதிரி இதையும் கேட்போம்.